விழுந்தீர்களா என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

பத்மநாபபுரத்திலும் தக்கலையிலும் சுகர் உள்ள ஒரு மூதாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஒடிந்து படுத்துவிட்டால், "வயசாச்சில்லியா, நேரம் சரியில்ல" என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறோம். மருத்துவரும் அதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறார். மகன் காப்பீட்டு அட்டையைத் தேடுகிறான். பக்கத்து வீட்டார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் குற்றவுணர்ச்சி இல்லை. அது இருக்க வேண்டும் என்பதே எங்கள் தீர்ப்பு. அந்த எலும்பு ஒடிந்ததற்கு வயதைவிடப் பெரிய காரணங்கள் உண்டு. அவற்றில் பல ஆண்டுக்கணக்காக நம் கண்ணெதிரே இருந்தவை. தடுக்கக்கூடியவற்றைத் தடுக்காமல் விட்டு, பின்பு அதற்கு விதி என்று பெயர் வைப்பது அநியாயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு, கேரளத்தில் 25.5 விழுக்காடு. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது நம் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1இன் மாநிலப் பிரிப்பு நம்முடைய எல்லையை மாற்றியது, நம்முடைய தட்டை மாற்றவில்லை. காலையில் மரச்சீனி, மத்தியானம் குன்றுபோல் சம்பா அரிசிச் சோறு, சாயங்காலம் டீக்கடையில் பழம்பொரி என்று சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டி நிற்கிறது. சுகர் இல்லாத வீடு தெருவுக்கு ஒன்று தேறினாலே அதிகம் என்பது இங்கே வாழ்கிற எவருக்கும் தெரியும். கண் போகும், சிறுநீரகம் போகும், கால் விரலை எடுக்க வேண்டி வரும் என்பதும் இன்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அளவுக்கு எச்சரிக்கை செய்திருக்கிறோம். ஆனால் எலும்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நீரிழிவு எலும்பையும் தின்கிறது. அதிலும் அது செய்யும் வேலை வஞ்சகமானது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவரின் எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேனில் அளந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சிலருக்குச் சராசரியைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனாலும் அதே அடர்த்தி உள்ள, சுகர் இல்லாத இன்னொருவரைவிட இவருக்கே இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு அதிகம். முதல் வகை நீரிழிவில் அந்த வாய்ப்பு பல மடங்கு. காரணம், எலும்பு வெறும் சுண்ணாம்பு மட்டுமல்ல. சுண்ணாம்பைத் தாங்கிப் பிடிக்கும் கொல்லாஜன் என்ற புரத நார்தான் அதற்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருகிறது. ரத்தத்தில் ஆண்டுக்கணக்காகத் தேங்கும் சர்க்கரை அந்த நாரோடு ஒட்டி அதை விறைக்க வைக்கிறது. பச்சைப் பனையோலை வளையும், காய்ந்த ஓலை வளைக்கப் போனால் முறியும். கனம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாலும் சரி. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேகமும் சுகர்க்காரர்களுக்குக் குறைந்துவிடுகிறது.

இங்கே மருத்துவ உலகமும் கூண்டில் நிற்க வேண்டும். எலும்பு முறிவு வாய்ப்பைக் கணக்கிட உலகம் முழுவதும் பயன்படும் கணிப்பான், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 2008இல் உருவான ஃப்ராக்ஸ். அதன் அடிப்படை வடிவத்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்கென்று ஒரு கட்டமே கிடையாது. விவரம் தெரிந்த மருத்துவர்கள் முடக்குவாதத்துக்கான கட்டத்தில் குறியிட்டுச் சமாளிக்கிறார்கள். நீரிழிவு நோயாளிகளின் ஸ்கேன் மதிப்பெண்ணில் ஏறத்தாழ அரைப் புள்ளியைக் குறைத்துத்தான் படிக்க வேண்டும் என்று 2011இலேயே ஆய்வு வந்துவிட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் தன் வழிகாட்டியில் எலும்புக்கென்று தனிப் பகுதியைச் சேர்த்ததோ 2024இல்தான். உலக அளவிலேயே இவ்வளவு தாமதம் என்றால், மாதம் ஒருமுறை தொற்றா நோய்ப் பிரிவில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கிப் போகும் நம்மூர் அம்மைமாருக்கு இதை யார் சொல்லப்போகிறார்கள்?

எலும்பு பலவீனம் ஒரு பாதி என்றால், விழுவது மறு பாதி. பாதம் மரத்துப்போனவருக்குத் தரை எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. விழித்திரை பழுதுபட்டவருக்கு அந்தி வெளிச்சத்தில் படி தெரிவதில்லை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துப் படுத்தவருக்கு விடியற்காலை சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றுகிறது. அந்த நேரத்தில்தான் அவர் கழிப்பறைக்கு எழுந்து போகிறார். பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையின் கதையைப் பாருங்கள். 2013 ஜூனில் நடுவண் அரசு அதைத் தடை செய்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப அனுமதித்தது. அப்போது எழுந்த கவலை சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றியது. அந்த மாத்திரை பெண்களுக்கு எலும்பு முறிவைக் கூட்டுகிறது என்பது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. மலிவானது, நன்றாக வேலை செய்வது என்பதால் இன்றும் கூட்டு மாத்திரைகளில் கலந்து தாராளமாக எழுதப்படுகிறது. அறுபது வயதுப் பெண்ணுக்கு அதை எழுதும் முன் "இதற்கு முன் எலும்பு ஏதாவது ஒடிந்ததா?" என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். கேட்காமல் எழுதுகிறவர் தன் கடமையில் தவறுகிறார்.

இந்த மௌனத்துக்கு நடுவேதான் வைட்டமின் டி வியாபாரம் புகுந்திருக்கிறது. நாங்கள் மிகவும் கசப்போடு பேச வேண்டிய இடம் இது.

வைட்டமின் டி வேண்டாத பொருள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள அது இல்லாமல் முடியாது. தோலில் வெயில் பட்டு உருவாகி, கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றால்தான் அது வேலை செய்யும். நீண்ட நாள் சுகரில் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்தக் கடைசிப் படியே நின்றுபோகிறது. உடல் பருத்தவர்களுக்குக் கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குறைபாடு கடுமையானால் எலும்பு மென்மையாகும், தசை தளரும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வாரம் ஒன்றாக 60,000 யூனிட் என்று சில வாரங்கள், அதன் பிறகு சிறிய அளவில் தொடர்ச்சியாக என்பது நம் நாட்டில் மருத்துவர்கள் வழக்கமாகக் கடைப்பிடிக்கும் முறை. மலிவான முறையும்கூட.

ஆனால் வியாபாரம் சொல்வது வேறு. "முழு உடல் பரிசோதனை" என்ற பேக்கேஜில் வைட்டமின் டி சோதனையைச் சேர்க்கிறார்கள். தனியாக எடுத்தாலும் செலவுதான். ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே எது வந்தாலும் தடித்த எழுத்தில் 'குறைவு' என்று அச்சடிக்கிறார்கள். அந்த 30 எங்கிருந்து வந்தது? அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011இல் போட்ட கோடு அது. அதே ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழகம், அநேகமாக எல்லாருக்கும் 20 போதும் என்றது. கோட்டைப் போட்ட சங்கமே 2024இல் அதைக் கைவிட்டது. ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நம் ஊர் ரிப்போர்ட் தாளில் மட்டும் 30 இன்னும் உயிரோடு இருக்கிறது. நோயாளி அந்தத் தடித்த எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். அந்தப் பயத்தில்தான் லாபம்.

அதற்கு அடுத்தபடி, "இதைச் சாப்பிட்டால் சுகரே குறையும்" என்ற பேச்சு. இது உண்மையா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் முன்நீரிழிவு நிலையில் இருந்த 2,423 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. தினமும் 4,000 யூனிட் கொடுத்தும் நீரிழிவு வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. அதோடு வேறு இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது முன்நீரிழிவுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிறு பயன் தெரிந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் ஏற்கெனவே பத்து வருடமாகச் சுகர் உள்ளவருக்கு மருந்துக்கு மாற்றாக இதை விற்க எந்த ஆதாரமும் இல்லை. எலும்பின் கதையும் அதுவே. 25,871 பேர் பங்கெடுத்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் பொதுவாக எல்லாருக்கும் தினம் 2,000 யூனிட் கொடுத்ததில் எலும்பு முறிவு குறையவே இல்லை. ஆஸ்திரேலியாவில் எழுபது வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரேயடியாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது: விழுவதும் கூடியது, முறிவும் கூடியது. இதற்குப் பிறகும் ஆறு லட்சம் யூனிட் ஊசியை "சத்து ஊசி" என்று சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் முதியவர்களுக்குப் போடுகிறவர்களை எந்தப் பெயரால் அழைப்பது? அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, இருக்கிற சிறுநீரகமும் போய்விடும். அறியாமல் செய்தால் அது அலட்சியம், அறிந்தே செய்தால் குற்றம்.

இனி வெயில். பத்மநாபபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டே கால் பாகையில் இருக்கிறது. வருடம் முழுவதும் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் நம் தலைமேல் விழுகிறது. அப்படியிருந்தும் குறைபாடு எப்படி வந்தது? டெல்லியில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வெயிலில் உழைத்து, நன்றாகச் சாப்பிட்ட படைவீரர்களுக்கு அளவு பரவாயில்லை, மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அது படுமோசம். நம் பக்கத்துப் படைவீரர் யார், உள்ளே இருப்பவர் யார் என்று யோசித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். முந்திரி ஆலையான அண்டி ஆபீசில் காலையில் நுழைந்து பொழுது சாயும்வரை குனிந்திருந்து அண்டிப்பருப்பு உடைக்கும் பெண்ணுக்கு எங்கே வெயில்? ரப்பர் பால் வெட்டும் பெண் வெளியில்தான் நிற்கிறாள், ஆனால் விடியும் முன் தொடங்கி மரநிழலிலேயே முடிக்கிறாள். மற்றவர்கள் அடுப்படியில். காலை இளவெயில் நல்லது என்று பரம்பரையாக நம்புகிறோம். வைட்டமின் டி விஷயத்தில் அந்த இளவெயில் அநேகமாக உதவாது. திருப்பதியில் மருத்துவர் ஹரிநாராயணும் அவரோடு பணிபுரிந்தவர்களும் அளந்து பார்த்ததில், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரையான வெயிலுக்கே பலன் இருந்தது. அதே குழு 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, தென்னிந்தியர்களின் உணவில் கால்சியம் மிகக் குறைவு என்பதையும், இருக்கும் கொஞ்சத்தையும் தானியத்திலுள்ள ஃபைட்டேட் கட்டிப்போட்டுவிடுகிறது என்பதையும் காட்டியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் 2008ஆம் ஆண்டு ஆய்வில் மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது.

சுகர் உள்ளவர்களை வெயிலுக்கு அனுப்பும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் இருப்பதும் பிழை. மரத்துப்போன பாதத்தோடு உச்சி வெயிலில் சிமென்ட் முற்றத்திலோ கோயில் பிரகாரத்துக் கல்லிலோ செருப்பில்லாமல் நின்றால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கைகளிலும் முதுகிலும் வெயில் படட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

வீடுகளுக்கு வருவோம். கடலோர மாவட்டம் நமது. குளச்சலிலிருந்தும் முட்டத்திலிருந்தும் வண்டியில் வரும் சாளையும் அயிலையும் கொழுப்பு மீன்கள், வைட்டமின் டி இயற்கையாகவே உள்ள சில உணவுகளில் சேர்ந்தவை. முள்ளோடு மென்று தின்கிற நெத்தோலியில் கால்சியமும் கிடைக்கிறது. இவ்வளவும் வாசலுக்கு வருகிறது. ஆனால் மீன்சட்டியிலிருந்து நடுத்துண்டு யாருக்குப் போகிறது? முதலில் ஆண்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்து சாப்பிடுகிறாள் சமைத்தவள். பாலும் முட்டையும் அவளுக்குப் பங்கில் வருவதில்லை. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் அதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் வைத்துவிட்டு, எழுபது வயதில் அம்மை விழுந்ததும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கத் தயாராக நிற்கும் பிள்ளைகளின் பாசத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பாசம் தாமதமானது, அவ்வளவுதான். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, கழிப்பறை வழியில் இரவு முழுக்க எரியும் ஒரு சிறு பல்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, அவள் ஒடிந்து கிடக்கும்போது ஆம்புலன்சுக்கும் ஸ்கேனுக்கும் ஆவதைவிடக் குறைவு. அதை முன்பே செய்யாத வீடு பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இந்த மண்ணின் ஆசான்மாரிடமும் ஒரு வார்த்தை. வர்மமும் முறிவு வைத்தியமும் கன்னியாகுமரி மாவட்டத்தின் சொத்து, அவற்றை இழிவாகப் பேசுவோர் பட்டியலில் நாங்கள் இல்லை. ஒடிந்தவர் பலர் முதலில் வந்து சேர்வது ஆசானிடம்தான். அதனால்தான் ஆசானுக்குப் பொறுப்பும் அதிகம். இடுப்பு முறிவை மூங்கில் பத்தையும் எண்ணெய்த் துணியும் சேர்க்காது. அது அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியது, அதுவும் ஒன்றிரண்டு நாளுக்குள். இடுப்பு ஒடிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். நாள் கடந்தால் அந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். சுகர்க்காரரின் மரத்த காலுக்குச் சூடான கிழி ஒத்தடம் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும்.

கடைசியாக அரசு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் அதற்குக் கிடைத்தது. இயன்முறை மருத்துவரும் அதில் இருக்கிறார். மகளிர் தன்னார்வலர் ஒருவர் மாதந்தோறும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சர்க்கரையைப் பார்க்கிறார், அழுத்தத்தைப் பார்க்கிறார், எழுதிக்கொள்கிறார். இவ்வளவு தூரம் வந்தவருக்கு "இந்த வருஷம் விழுந்தீங்களா? காலையில தலை சுத்துதா? கீழ உக்காந்தா கை ஊணாம எழும்ப முடியுதா?" என்ற மூன்று கேள்விகளைக் கொடுக்காமல் அனுப்புவது யாருடைய குற்றம்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எலும்பு முறிவு அறுவைக்குப் பணம் கொடுக்கிறது. ஒடியாமல் காப்பதற்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. ஒடிந்த பின் மட்டும் இரக்கம் காட்டும் ஏற்பாட்டை நாங்கள் ஏற்கவில்லை.

எனவே கேட்கிறோம். மாவட்டத்தின் தொற்றா நோய்ப் பிரிவுகளில் ஐம்பது வயது தாண்டிய ஒவ்வொரு நீரிழிவு நோயாளியிடமும் முன்பு ஏற்பட்ட எலும்பு முறிவும் விழுந்ததும் பதிவாக வேண்டும். பதிலில் ஆபத்து தெரிந்தால் மாத்திரைகள் மறுபரிசீலனைக்கு வர வேண்டும். கண்ணும் பாதமும் பார்க்கப்பட வேண்டும். இயன்முறை மருத்துவர் நடைக்கும் சமநிலைக்குமான பயிற்சியை வீட்டிலேயே கற்றுத்தர வேண்டும். குறைபாட்டின் அறிகுறி உள்ளவர்களுக்கும் வெயிலே படாதவர்களுக்கும், சிறுநீரகத்தைச் சோதித்த பிறகு, வைட்டமின் டி மாத்திரையைச் சுகர் மாத்திரையோடு சேர்த்தே கொடுக்கலாம். நாட்டின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ள மலிவான மருந்துதான் அது. டெக்சா கருவி ஒன்றாவது ஆசாரிபள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரியில் ஏழைகளுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும்படி அரசு உறுதி செய்ய வேண்டும். ஆய்வகங்கள் ரிப்போர்ட்டில் எந்த எல்லைக் கோட்டை எதன் அடிப்படையில் அச்சிடுகின்றன என்பதைத் தமிழிலேயே விளக்க வேண்டும். ஆறு லட்சம் யூனிட் ஊசியை மருந்துச் சீட்டின்றிக் கொடுக்கும் கடைகள்மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கை வைக்க வேண்டும்.

இவற்றில் சிலவற்றுக்குப் பணமும் காலமும் ஆகும். அந்த மூன்று கேள்விகளுக்கு இரண்டும் வேண்டாம். அரசாணைக்கும் அடுத்த நிதிநிலை அறிக்கைக்கும் காத்திருக்காமல், மாவட்ட சுகாதார அலுவலரின் ஒரு சுற்றறிக்கையில் வருகிற மாதமே அவை தன்னார்வலர்களின் குறிப்பேட்டில் ஏறிவிடலாம்.